இலுப்பையும் ஈப்போவும்: மரப்பெயர் வழியே குடிவரலாறு

ஊர்ப்பெயர் ஆய்வில் மரப்பெயர்களுக்குத் தனியிடம் உண்டு. ஓர் ஊரைத் தோற்றுவித்தவர் பெயர் மறையலாம், அரசு மாறலாம், அங்கு வழங்கிய மொழியே மாறிப் போகலாம். ஊருக்குப் பெயர் தந்த மரம் வெட்டுண்ட பின்னரும் அப்பெயர் மக்கள் நாவில் நிலைத்து நிற்கும். மலேசியத் தமிழர் நாள்தோறும் ஒலிக்கும் பெயர்களிலேயே இதற்குச் சான்று உண்டு. மலாக்கா என்பது நெல்லி மரத்தின் பெயர். வடமொழி 'ஆமலகம்' மலாய் மொழியில் புகுந்து மருவிய வடிவம். பினாங்கு என்பது பாக்கு மரம். பேராக்கின் புருவாஸ் ஒரு மரம். ஈப்போவுக்கு அருகிலுள்ள கம்போங் கெப்பாயாங்கும் மரத்தின் பெயரையே தாங்கியது. ஈப்போ நகரின் பெயரும் அவ்வாறே.

இம்மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இரு மரங்கள். ஒன்று, தமிழகத்தில் நாம் விட்டு வந்த இலுப்பை. மற்றொன்று, நாம் குடியேறிய நிலத்துக்குப் பெயர் தந்த ஈப்போ. முன்னது நடு இந்தியக் காட்டுக்குடிகளின் உணவு மரம். பின்னது பேராக்கின் காட்டுக்குடிகளின் வேட்டை மரம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதற்கு மொழிநூல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அது நம் வாழ்வைத் தொடும் காரணமுமாகும். அதனைப் படிப்படியாகக் காண்போம்.

1. தமிழில் இலுப்பை

இலுப்பையின் பழைய வடிவம் 'இருப்பை'. சங்கப் பாடல்களில் இவ்வடிவமே பயில்கிறது. வேனிலில் இலை உதிர்ந்த கிளைகளில் திரண்டு பூத்து, வெண்ணிறமாய்ச் சதைப்பற்றுடன் நிலத்தில் சொரியும் அதன் பூவையும், அதனைத் தின்ன வரும் கரடியையும் அகநானூறு, நற்றிணை முதலிய தொகைநூற் புலவர்கள் கூர்ந்து கண்டு பாடியுள்ளனர். ரகரம் லகரமாகத் திரிந்து 'இலுப்பை' ஆயிற்று. மலையாளத்தில் 'இலுப்ப', கன்னடத்தில் 'இப்பெ', தெலுங்கில் 'இப்ப' என வழங்கும் சொற்கள் இதன் உறவுகளே. நடு இந்தியாவில் பேசப்படும் கோண்டியிலும் இதன் இனச்சொல் உண்டு. ஆகவே இம்மரத்தின் பெயர், திராவிட மொழிகள் பிரிவதற்கு முன்னரே இருந்த தொன்மை உடையது எனக் கொள்ளத் தடையில்லை.

தமிழ்நிலத்தில் இலுப்பை ஊரும் கோயிலும் சார்ந்த மரமாக விளங்கியது. இலுப்பூர், இலுப்பைக்குடி, இலுப்பைப்பட்டு, ஈழத்து மன்னார்ப் பகுதியின் இலுப்பைக்கடவை என ஊர்ப்பெயர்கள் பலவாகப் பரந்துள்ளன. திருப்பழமண்ணிப்படிக்கரை என்னும் பாடல்பெற்ற தலத்துக்கு இன்று வழங்கும் பெயரே இலுப்பைப்பட்டு. அங்குத் தலமரம் இலுப்பை. அதன் வித்தில் ஆட்டிய நெய் கோயில் விளக்குகளில் எரிந்தது. பிண்ணாக்கு, தலைக்குத் தேய்த்து முழுகவும், குளங்களில் மீனை மயக்கிப் பிடிக்கவும் பயன்பட்டது. பூவின் இனிமைக்கு நம் பழமொழியே சான்று. 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்பதில் கரும்பு முதலிடத்தையும் இலுப்பை இரண்டாமிடத்தையும் பெறுகின்றன. உழவும் ஆலையும் பெருகிய நிலத்தில் இலுப்பைப்பூவின் மதிப்புக் குறைந்தமை இப்பழமொழியில் பதிவாகியுள்ளது. ஆலை இல்லாத காட்டு நிலங்களிலோ அது முதன்மை இழக்கவில்லை.

2. காட்டுக்குடிகளின் இலுப்பை

கோண்டர், சந்தால், முண்டா, பைகா, பில் முதலிய குடிகள் வாழும் நடு இந்திய மேட்டுநிலத்தில் 'மகுவா' எனப்படும் இலுப்பை, வீட்டுப் பொருளியலின் தூண்களுள் ஒன்று. மார்ச்சு, ஏப்பிரல் திங்களில் பூ விழும். முந்திய ஆண்டின் தானியம் குறைந்து, புதுவிளைச்சலுக்கு நெடுநாள் இருக்கும் காலம் அது. இரவிலும் விடியலுக்கு முன்னரும் உதிரும் பூக்களைப் பெண்களும் சிறுவர்களும் கூடைகளில் பொறுக்குவர். மரத்தடியை முன்கூட்டியே பெருக்கியோ, சருகை எரித்தோ துப்புரவு செய்துவைப்பர். வெயிலில் உலர்த்திய பூ, கொடிமுந்திரி வற்றலைப் போலச் சுருங்கிப் பழுப்பாகி, பல திங்கள் கெடாமல் இருக்கும். அதனை அவித்துத் தின்பர். தானியத்துடன் கலந்து சமைப்பர். புளிக்கவைத்து வடித்து மதுவாக்குவர். பிறப்பு, மணம், இறப்பு, முன்னோர் வழிபாடு ஆகிய எச்சடங்கும் அம்மது படைக்காமல் நிறைவுறுவதில்லை. பூவுக்குப் பின் வித்தெண்ணெய். ஒருவர் நிலத்தில் நிற்கும் மரத்தின் பூவைப் பொறுக்கும் உரிமை மற்றொரு குடும்பத்துக்கு வழிவழியாக இருப்பதும் உண்டு. நிலவுரிமை வேறு, மரவுரிமை வேறு என்னும் நுட்பமான வழக்கு அது.

இவ்வழக்கை ஆங்கிலேய ஆட்சி விளங்கிக்கொள்ளவில்லை. அல்லது விளங்கியும் பொருட்படுத்தவில்லை. மது விற்பனையில் வரி ஈட்டிய அரசுக்கு, வீட்டில் வடித்த மது வருவாய் இழப்பாகத் தோன்றிற்று. பம்பாய் மாகாணத்தில் 1892-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மகுவாச் சட்டம், மது வடிப்பதை மட்டுமன்றிப் பூவைச் சேர்ப்பதையும் வைத்திருப்பதையுமே கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. பஞ்சகாலத்தில் உயிர்காக்கும் உணவு, குற்றப்பொருள் ஆயிற்று. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமே, மகுவா உள்ளிட்ட சிறுவன விளைபொருள்களின் மீது காட்டுக்குடிகளுக்கு உள்ள உடைமையை நாடு முழுமைக்குமாக ஏற்றது. இடையில் கழிந்தவை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்.

3. இரு காடுகளுக்கு இடையே ஒரு மொழிக்குடும்பம்

சந்தாலி மொழியில் இலுப்பைக்கு 'மத்கோம்' என்று பெயர். இப்பெயர் திராவிட 'இருப்பை'யோடு இயைபில்லாதது. சந்தாலி, முண்டாரி, ஹோ ஆகியவை முண்டா மொழிகள். அவை திராவிடமும் அல்ல, இந்தோ ஆரியமும் அல்ல. ஆசுத்திரோ ஆசியம் எனப்படும் பெருங்குடும்பத்தின் மேற்குக் கிளை. அக்குடும்பத்தின் கிழக்குப் பகுதியில் காசி, மோன், கெமர், வியத்நாமியம் ஆகியவை அடங்கும். அதன் தென்கோடியில், மலாய்த் தீபகற்பத்தின் மலைக்காடுகளில் வழங்குவன அசிலிய மொழிகள். பேராக்கின் செமாய், தெமியார் மொழிகள் அவற்றுள் தலையாயவை.

இவ்வுறவு நன்கு நிறுவப்பட்ட ஒன்று. 1906-ஆம் ஆண்டில் இருவேறு நூல்கள் வெளிவந்தன. வில்கெல்ம் இசுமித்து என்னும் அறிஞர் முண்டா மொழிகளையும் மோன்-கெமர் மொழிகளையும் ஒரே குடும்பமாக இணைத்து ஆசுத்திரோ ஆசியம் என்னும் பெயரை வழங்கினார். அதே ஆண்டில் இசுக்கீட்டும் பிளாக்டனும் மலாய்த் தீபகற்பத்தின் காட்டுக்குடிகளைப் பற்றிய இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டனர். அதன் இறுதியில் பிளாக்டன் தொகுத்த ஒப்பீட்டுச் சொற்கோவை இன்றும் பயன் தருவது.

ஒப்பீட்டின் இயல்பை மூன்று சொற்களால் காட்டலாம். கண்ணுக்குச் சந்தாலியில் 'மெத்', செமாயில் 'மத்'. மூக்குக்குச் சந்தாலியில் 'மூ', செமாயில் 'முஹ்'. கைக்குச் சந்தாலியில் 'தி', அசிலிய மொழிகளில் 'திக்' என்பதை ஒத்த வடிவங்கள். இவற்றுள் கண்ணைக் குறிக்கும் சொல்லை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது பிழை. மலாயிலும் கண் 'மாத்தா'வே. மலாயோ வேறு குடும்பத்தது. ஒற்றைச் சொல் தற்செயலாக ஒக்கலாம். உடலுறுப்பு, எண், உறவு முதலிய அடிப்படைச் சொற்கள் பலவும் ஒழுங்கான ஒலிமாற்றத்துடன் ஒத்துவரும்போதுதான் உறவு நிலைபெறும். அவ்வாறே இக்குடும்பத்தில் நிலைபெற்றுள்ளது.

இதன் பொருள் எளிது. இலுப்பைப்பூப் பொறுக்கும் சந்தால் பெண்ணும், ஈப்போ மரத்தில் பால் எடுக்கும் செமாய் முதியவரும், பல ஆயிரம் ஆண்டுத் தொலைவில் ஒரே மொழியின் வழித்தோன்றல்களைப் பேசுகின்றனர். மொழியுறவு குருதியுறவைக் காட்டாது என்பதை மாணவர்க்கு நாம் எப்போதும் வற்புறுத்துவதுண்டு. இங்கும் அதனை மறக்கலாகாது. எனினும், பேராக்கின் தமிழர்க்கு இந்தியா என்பது ஒரு புறமும் 'இங்குள்ள காட்டார்' என்பது மறுபுறமும் அல்ல என்பதை இவ்வுறவு காட்டுகிறது. இரு காடுகளும் நாம் நினைப்பதிலும் நெருங்கியவை.

4. ஈப்போ மரம்

ஈப்போ நகரம் கிந்தா ஆற்றங்கரையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச்சுரங்கங்களால் பெருகி எழுந்தது. சீனர் அதனைப் 'பாலோ' என்றும் வழங்கினர். 1937-இல் பேராக்கின் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. 1988-இல் ஈப்போ மாநகரத் தகுதி பெற்றது. தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரேயுள்ள சதுக்கத்தில் ஈப்போ மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் நிழலைக் கடந்து செல்வோருள் எத்தனை பேர் அதனை ஊரின் பெயர்மூலமாக அறிவர் என்பது வேறு.

ஈப்போ மரம் ஆல், அத்தி, பலா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நேராக உயர்ந்து, அடியில் பலகை போன்ற வேர்ப்புடைப்புகளோடு காட்டின் மேற்கூரையை எட்டும். பட்டையைக் கீறினால் பால் வடியும். அப்பாலே ஊதுகுழல் அம்புகளில் தோயும் நஞ்சு. மலாயில் 'ஈப்போ' என்பது இம்மரத்தை மட்டுமன்றி, நஞ்சு தரும் எட்டியினக் கொடிகள் சிலவற்றையும் குறிக்கும். 'மர ஈப்போ', 'கொடி ஈப்போ' எனப் பிரித்துச் சொல்வர். அசிலிய மொழிகள் இந்நஞ்சுக்குத் தமக்கெனத் தனிச்சொல் உடையவை. 'டோக்' என்னும் ஒலிப்பை ஒத்தது அது. ஆகவே நகருக்கு வழங்குவது காட்டுக்குடிகளின் மரத்துக்கு மலாய் வைத்த பெயர். மரத்தைப் பயன்கொண்ட குடிகள் வைத்த பெயரன்று. ஊர்ப்பெயர்களில் இவ்வாறு அறிவு ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் அமைவது பெருவழக்கு.

நஞ்சு சமைக்கும் முறை பொறுமை வேண்டுவது. பட்டையில் சாய்வான கீறல்களை இட்டு, வடியும் பாலை மூங்கிற்குழாயில் ஏந்துவர். அதனை மரத்தட்டையில் தடவி, தீயின்மேல் மெல்ல வாட்டிக் கரும்பிசினாக இறுகச் செய்வர். அம்பு, பெர்த்தாம் பனையின் மட்டையிலிருந்து செதுக்கிய மெல்லிய ஈர்க்கு. அதன் அடியில் நெட்டி போன்ற மென்மையான கூம்பு. நுனிக்குச் சற்றுக் கீழே சிறு வெட்டு இட்டிருப்பர். குரங்கு அம்பைப் பிடுங்க முயன்றாலும் நுனி முறிந்து உடலிலேயே தங்கும். குழல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். நெடிய கணுவிடை கொண்ட அரிய மலைமூங்கிலே அதற்கு ஏற்றது. அம்மூங்கிலுக்கு, தைப்பிங்கில் 1883-இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளரான லியோனார்டு இரேயின் பெயரைத் தாவரநூலார் இட்டனர். அறிவியலுக்கு அவர் பெயரால் அறிமுகமாகுமுன்பே, அம்மூங்கில் வளரும் மலைமுகடுகளைத் தெமியார் வேட்டுவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர்.

நஞ்சின் வேலை நெஞ்சத்தைத் தாக்குவது. அதிலுள்ள 'ஆன்டியாரின்' என்னும் பொருள்கள் குருதியில் கலந்ததும் இதயத்துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். வயிற்று வழியே அவை எளிதில் உடலில் ஏறுவதில்லை. ஆதலால் வேட்டுவர் அம்பு தைத்த இடத்துத் தசையை அரிந்து எறிந்துவிட்டு, எஞ்சியதைச் சமைத்து உண்பர். குருதி வழி, வயிற்று வழி என்னும் இவ்வேறுபாட்டை ஆய்வுக்கூடம் காணாத மக்கள் பட்டறிவால் துல்லியமாக வகுத்திருந்தனர். கூரைமட்டத்தில் தாவும் குரங்கு, அணில், பறவை ஆகியவற்றை ஓசையின்றி வீழ்த்த இதனினும் பொருத்தமான கருவி வெடிமருந்துக்கு முன் இருந்ததில்லை.

5. நச்சுமரக் கதையும் மரவுரியும்

இதே மரம் ஐரோப்பியர் எழுத்தில் பேய்மரமாயிற்று. 1783-இல் இலண்டன் இதழொன்றில் ஃபோர்சு என்பவர் பெயரால் வெளிவந்த கட்டுரை, சாவகத்தின் 'உபாசு' மரத்தைச் சூழப் பல கல் தொலைவுக்குப் புல்லும் முளைக்காது, பறவையும் பறக்காது, தூக்குத்தண்டனை பெற்றோரே அதன் நஞ்சை எடுக்க அனுப்பப்படுவர் எனக் கதை கட்டியது. எராசுமசு தார்வின் அதனைக் கவிதையில் ஏற்றினார். 1828-இல் உருசியப் பெருங்கவிஞர் புசுகின் அம்மரத்தின் பெயராலேயே ஒரு பாட்டு இயற்றினார். மரத்தை நேரில் கண்டு, பொய்யை விலக்கி, 1810-இல் அறிவியல் முறையில் விளக்கம் வெளியிட்டவர் இலெசனோ என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர். சாவக மொழியின் 'அஞ்சார்' என்னும் பெயரே அவர் வழியாக 'ஆன்டியாரிசு' என்னும் பேரினப் பெயராயிற்று. அவர் பின்னர் 1816-இல் புதுச்சேரிக்கு வந்து அங்குத் தாவரத் தோட்டத்தை நடத்தியவர் என்பது தமிழர்க்குச் சுவையான செய்தி.

சுவை அத்துடன் முடியவில்லை. அவர் சாவகத்தில் கண்ட மரம் நம் மேற்கு மலைத்தொடரிலேயே நின்றது. தமிழில் அதற்கு 'நெட்டாவில்' என்றும் 'மரவுரி' என்றும் பெயர். அம்மலைக்குடிகள் அதன் பட்டையை நனைத்துத் தட்டி மென்மையாக்கி ஆடையாக உடுத்தினர். அடிமரத்தைத் துண்டாக்கிப் பட்டையைத் தட்டி நெகிழ்த்து, உள்வெளியாகப் புரட்டி, அடியில் மரவட்டு ஒன்றைத் தங்கவிட்டால் தையல் இல்லாத சாக்குப்பை கிடைக்கும். பம்பாய்ப் பகுதியில் தாவரம் ஆய்ந்த ஒருவர் 'சாக்குத் தருவது' என்னும் பொருளிலேயே அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். ஈழத்தில் சிங்களவர் 'ரிட்டி' என்னும் அம்மரத்தின் பட்டையால் வேடர்கள் பை செய்தமையை 1911-இல் வெளிவந்த செலிக்மன் இணையரின் நூல் பதிவு செய்கிறது. பேராக்கின் காட்டுக்குடிகளும் நஞ்சுக்கு மட்டுமன்றி மரவுரிக்கும் ஈப்போவை நாடினர்.

ஒரே மரத்துக்குத் தாவரநூலார் ஒருகால் இரு பெயர் இட்டிருந்தனர். கிழக்கே அதன் பெயர் 'நச்சுத்தன்மையது' என்னும் பொருளுடையது. மேற்கே 'தீங்கற்றது' என்னும் பொருளுடையது. இராமன் மரவுரி தரித்துக் காடேகிய காட்சியைக் கம்பன் வழிக் கற்ற நாம், அதே மரவுரி தரும் மரத்தின் பெயரால் அமைந்த நகரில் வாழ்கிறோம் என்பதை அறிந்தோமில்லை. மரம் ஒன்று; அதனைச் சூழ்ந்த குடிகள் எதனைக் கற்றனவோ அதற்கேற்பப் பெயரும் பயனும் வேறாயின.

6. இலுப்பையின் பேராக்கு உறவினர்

இலுப்பைக்கும் பேராக்கில் சுற்றம் இல்லாமல் இல்லை. 'தாபான்' எனப்படும் காட்டுமரம் இலுப்பையின் குடும்பத்தையே சேர்ந்தது. அதன் பால் இறுகினால் 'கெத்தா பெர்ச்சா' என்னும் பொருள் ஆகும். வெந்நீரில் இளகி, குளிர்ந்தால் கெட்டியாகும் அதனைக் காட்டுக்குடிகளும் மலாய்க்காரரும் கருவிகளுக்குப் பிடியாக நெடுங்காலம் பயன்படுத்தினர். மின்சாரம் கடத்தாத அதன் இயல்பு 1840-களில் ஐரோப்பியர்க்குத் தெரிந்தபின், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட உலகெங்கும் அதற்குத் தேவை பெருகியது. 1870–71-இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடிக் கம்பியும் அவ்வுறையைப் பூண்டே வங்கக்கடலில் கிடந்தது. தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே முதன்முதல் மின்வழிச் செய்தி கடத்தியது, இலுப்பையின் சுற்றத்தார் தந்த பாலே.

அதன் விலை கடுமையானது. தாபான் மரத்தை நிற்கவிட்டுப் பால் எடுப்பின் சிறிதே கிடைக்கும் என்பதால், வாணிகத் தேவை மிக்கபோது மரத்தையே வீழ்த்தி எடுத்தனர். சில பத்தாண்டுகளில் எட்டக்கூடிய காடுகளில் பெருமரங்கள் அருகின. காட்டுக்குடிகளின் அறிவால் தொடங்கிய வாணிகம், அவர்கள் காட்டையே வறிதாக்கி முடிந்தது. இதனை அடுத்து வந்ததே நம் வரலாறு.

7. பால்மரமும் இரு குடிகளும்

1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ரப்பர் விதைகளின் வழிவந்த நாற்றுகள், 1877-இல் சிங்கப்பூர் வழியாகப் பேராக்கின் கோலகங்சாரை அடைந்தன. ஆங்கிலேய ஆலோசகர் இயூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நடச்செய்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சரிவுகள் திருத்தப்பட்டு, தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் கொணரப்பட்டனர். தோட்ட மக்கள் அம்மரத்துக்கு இட்ட பெயர் 'பால்மரம்'. ஒட்டுப்பால், கட்டிப்பால், மங்கு, நிரை, பிரட்டு எனத் தொழிலைச் சுற்றி ஒரு சொல்லுலகமே எழுந்தது. அமேசான் காட்டுக்குடிகள் தம் மரத்தைக் கீறிப் பால் எடுத்துக் காலணியும் பந்தும் செய்த அறிவே ரப்பர் தொழிலின் வேர். ஆகவே தோட்டத் தமிழன் நாள்தோறும் பட்டையில் இட்ட சாய்கோடு, அவனுக்கு எட்டும் தொலைவில் தெமியார் ஈப்போ மரத்தில் இட்ட சாய்கோட்டுக்கு உறவுடையது. இரண்டும் காட்டுக்குடிகளின் கைத்திறன். ஒன்று உலகச் சந்தைக்குச் சென்றது. மற்றொன்று அடுப்படிக்குத் திரும்பியது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்நெருக்கம் தெளிவாகப் புலப்படும். கீழே தமிழர் தோட்டங்கள். மேலே பிளசு ஆற்றின் தலைப்பகுதியில் தெமியார் குடியிருப்புகள். 1948 சூன் 16-ஆம் நாள் அங்குத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட, நாடு முழுதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விளைவு இரு குடிகளையும் ஒருங்கே தாக்கியது. தோட்ட மக்கள் வேலி சூழ்ந்த குடியிருப்புகளில் அடைக்கப்பட்டனர். காட்டு மக்கள் பலர் மலையிலிருந்து இறக்கப்பட்டுத் தாழ்நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர்; பழகாத வெப்பத்திலும் நோயிலும் பலர் மாண்டனர். ஒரே துயரத்தை அடுத்தடுத்து நின்று பட்ட இரு குடிகளும் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டதற்கான தடயம் நம் எழுத்தில் மிகக் குறைவு.

நம் பேச்சில் இருப்பது ஒரு சொல் மட்டுமே. அது 'சக்காய்'. தோட்டத்து முதியோரிடம் சொற்கள் திரட்டியபோது நாம் இதனைப் பன்முறை கேட்டோம். காட்டு மக்களைக் குறிக்க மலாயிலிருந்து பெற்ற சொல் இது. ஆட்சியாளர் ஏடுகளிலும் இதுவே வழங்கிற்று. அதன் பொருள் நடுநிலையானதன்று. பிறர்க்கு அடங்கியவர், அடிமைப்பட்டவர் என்னும் நிழல் அதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் காட்டு மக்களை வேட்டையாடிப் பிடித்து விற்ற கொடுமையின் நினைவும் அதில் உண்டு. தோட்டங்களில் குறும்பு செய்யும் பிள்ளையைக் கடியவும் அச்சொல் பயன்பட்டது. 'கூலி' என்னும் சொல் தம்மீது எறியப்பட்டபோது அதன் வலியை உணர்ந்த மக்கள், அதனையொத்த சொல்லைப் பக்கத்துக் குடியின்மீது கைமாற்றினர். இதில் தனி மனிதரைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்சியின் சொற்களை ஆளப்படுவோர் கற்றுக்கொள்வது வரலாற்றில் இயல்பு. ஆயினும் மொழியைப் பேணுவோர் அதனை அறிந்து விலக்குதல் கடன். 1960-களில் அரசு 'ஓராங் அஸ்லி' என்னும் பெயரை ஏற்றது. 'ஓராங்' என்பது மக்கள். அரபு வேருடைய 'அஸ்லி' என்பது மூலமானவர். தமிழில் 'பூர்வகுடி மக்கள்' என்பது அதற்கு நேராகும். அதனினும் செம்மையானது, அவரவர் தம்மை அழைக்கும் பெயரால் செமாய் என்றும் தெமியார் என்றும் வழங்குவதே.

8. பெயரும் உரிமையும்

பெயர் குறித்த இவ்வுரை வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு நீதிமன்றங்கள் சான்று. பேராக் மாநிலம் 1939-இல் காட்டுக்குடிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. தெமியாரிடையே வாழ்ந்து ஆய்ந்த நூனின் அறிக்கை அதற்கு அடிகோலியது. 1954-இல் கூட்டரசு முழுமைக்கும் சட்டம் வந்தது. இருப்பினும் நிலவுரிமை ஏட்டளவில் உறுதிபெறவில்லை. 2002-இல் சகோங் தாசி வழக்கில் சா ஆலம் உயர்நீதிமன்றம், வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் பூர்வகுடி மக்களுக்கு உடைமையுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. எழுத்துப் பட்டா இல்லாத குடிகள் தம் உரிமையை எதைக் காட்டி நிறுவ இயலும்? முன்னோர் நட்ட மரம், புதைத்த இடம், ஆற்றுக்கும் குன்றுக்கும் இட்ட பெயர் ஆகியவையே அவர்களின் ஆவணம். பெயர் மறந்தால் ஆவணம் அழிந்தது போலாகும்.

தமிழர் இதனை உணரத் தடையேதும் இருக்கலாகாது. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பின்னர் பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது; எஞ்சியவை வீடமைப்புப் பகுதிகளாயின. தலைமுறைகள் வாழ்ந்த லயங்களும் கோயில்களும் சுடுகாடுகளும் அடையாளமின்றிப் போயின. மக்கள் தம் தோட்டங்களுக்கு இட்ட தமிழ்ப்பெயர்கள் எந்த நிலப்படத்திலும் ஏறவில்லை. மரத்தை நட்டும் கீறியும் வாழ்ந்த குடிக்கு மண்ணில் உரிமைச்சீட்டு இல்லை என்னும் நிலை, பூர்வகுடிக்கு நேர்ந்ததன் மறுவடிவே. மரவுரிமை வேறு, நிலவுரிமை வேறு என்னும் நடு இந்திய வழக்கை முன்னர்க் கண்டோம். நமக்கும் ஒருகாலத்தில் மரம் மட்டுமே இருந்தது, நிலம் இருந்ததில்லை.

9. செய்யத்தக்கன

மொழி மன்றத்தின்முன் மூன்று பணிகளை வைக்க விழைகிறோம். முதலாவது, பேராக்கின் தோட்டப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் அவற்றை வாழ்ந்து பேசிய முதியோர் உள்ளபோதே ஒலியாகவும் எழுத்தாகவும் பதிவு செய்தல். எண்பதைக் கடந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மறையும்போது ஓர் அகராதி மறைகிறது. இரண்டாவது, தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ஈப்போ, தாபான், நெட்டாவில், இலுப்பை ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தல். தாம் வாழும் ஊரின் பெயர்மரமும் தம் முன்னோர் ஊரின் மரமும் ஒரே பாடத்தில் இடம்பெறுதல் நன்று. மூன்றாவது, செமாய், தெமியார் மொழிகளின் அடிப்படைச் சொற்களுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு ஆக்குதல். நூறாண்டுக்கும் மேலாகப் பக்கத்தில் வாழும் குடியின் மொழியில் வணக்கம் சொல்லவும் நாம் கற்றிலோம். இப்பணியை அம்மக்களுடைய பேச்சாளர்களோடு இணைந்து, அவர்கள் விரும்பும் எழுத்துமுறையில் செய்தல் வேண்டும்.

இலுப்பையைச் சட்டம் குற்றப்பொருளாக்கியது. ஈப்போவைக் கட்டுக்கதை பேய்மரமாக்கியது. தாபானைச் சந்தை வீழ்த்தியது. மூன்றிலும் மரத்தை அறிந்த குடியின் குரல் கேட்கப்படவில்லை. பால்மரத்தின் வரலாறு எழுதப்படும்போது தோட்டத் தமிழரின் குரல் கேட்கப்படவேண்டும் என நாம் கோருகிறோம். அக்கோரிக்கைக்கு நாம் தகுதியுடையோர் ஆவது, ஈப்போ மரத்தின் வரலாற்றில் செமாயரும் தெமியாரும் சொல்வதைச் செவிமடுக்கும்போதே.